செம்பருத்தியை அறைக்குள் பூட்ட வேண்டாம்

டிசம்பர் பிறந்ததும் கொல்கத்தாவிலிருந்து வரும் கேள்வி இது: மொட்டைமாடிச் செம்பருத்தி சோர்ந்து மொட்டு உதிர்க்கிறது, அறைக்குள் கொண்டுவந்து ‘குரோ லைட்’ போட்டால் குளிர்காலம் முழுக்கப் பூக்குமா? பூக்கும் என்கின்றன விளக்கு விளம்பரங்கள். அந்த ஊருக்கு அது வீண்செலவு என்பேன். லண்டனில் டிசம்பர் நடுப்பகுதியில் பகல் 8 மணி நேரம்கூட நீடிப்பதில்லை. அங்கே விளக்குக்கு நியாயம் உண்டு. கொல்கத்தாவின் மிகக் குறுகிய பகலே பத்தேமுக்கால் மணி நேரம். வெட்டவெளியில் பல்லாயிரம் லக்ஸாக இருக்கும் வெளிச்சம் அறையின் நடுவே சில நூறு லக்ஸாகச் சுருங்கிவிடுகிறது. குளிருக்குப் பயந்து செடியைப் பட்டினி போடுகிறோம்.

குளிர் அப்படி என்னதான் செய்கிறது? ஜனவரியில் சில இரவுகள் 12 டிகிரி வரை இறங்கும். அதில் தண்ணீர் உறையாது. இறுகுவது கொழுப்பு. அந்த மாதத்தில் தேங்காயெண்ணெய்ப் புட்டி கல்லாகிக் கிடக்க, பக்கத்தில் கடுகெண்ணெய் ஓடிக்கொண்டிருக்கும். முதலாவதில் நிறைவுற்ற கொழுப்பமிலங்கள் அதிகம், இரண்டாவதில் நிறைவுறாதவை. செல்லின் சவ்வுக்கும் கொழுப்பே அடிப்படை. வெப்பமண்டலச் செடிகள் பலவற்றில் தேங்காயெண்ணெய் ரகம் சற்றுக் கூடுதல். புட்டியில் கொஞ்சம் கடுகெண்ணெய் கலந்தால் அது எளிதில் இறுகாது. குளிர் மெல்ல வந்தால் செடியும் தன் கொழுப்பமிலங்களில் இரட்டைப் பிணைப்புகளைச் சேர்த்து, அதாவது அவற்றை நிறைவுறாதவையாக்கி, அந்தக் கலவையைத் தானே தயாரிக்கிறது. அதற்குச் சில நாள் அவகாசம் வேண்டும், திடீர்க் குளிரலை அதைத் தருவதில்லை. புட்டியை வெயிலில் வைத்தால் இளகிவிடும். குளிர்ந்த இலையை வெயிலில் வைத்தால்தான் கேடு. ஒளிச்சேர்க்கை இயந்திரத்தின் ஒரு புரதம் வெளிச்சத்தில் ஓயாமல் சிதைகிறது, ஓயாமல் புதுப்பிக்கப்படுகிறது. இறுகிய சவ்வில் புதுப்பிப்பு மந்தமாகிறது, சிதைவோ தொடர்கிறது. சர்க்கரை தயாரிக்கும் நொதிகளும் குளிரில் தளர்வதால், செலவாகாத ஒளியாற்றல் ஆக்சிஜனை வீரியமாக்கி இலையையே அரிக்கிறது.

சவ்வில் இறுகும் பங்கு மிகச் சிறிது, அதுவா இவ்வளவு செய்யும் என்ற ஆட்சேபம் நியாயமானதே. 1992-இல் ஜப்பானின் நொரியோ முராட்டா குழு இதைப் புகையிலையில் சோதித்தது. பூசணி இனத்து மரபணு ஒன்றைப் புகுத்தியதும் புகையிலை குளிருக்கு அதிகம் வாடியது. குளிரைத் தாங்கும் அராபிடாப்சிஸ் செடியின் அதே வகை மரபணு தாங்கும் திறனைக் கூட்டியது. மாறியது, முக்கியமாக, ஒரே ஒரு கொழுப்பு வகையின் நிறைவு அளவு. குளிர்ச்சேதம் முழுவதற்கும் இதுவே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சிறு பங்கை அலட்சியப்படுத்தவும் முடியாது.

வரலாறு வேண்டுவோருக்கு: பர்மாவின் ஆம்ஹெர்ஸ்டியா மரத்தை, கொல்கத்தாவை அடுத்து 1787-இல் தொடங்கிய ஷிப்பூர் தாவரவியல் பூங்காவிலிருந்து தோட்டக்காரர் ஜான் கிப்சன் 1837-இல் டெவன்ஷயர் பிரபுவின் கண்ணாடி வீட்டுக்குக் கொண்டுபோனார். இங்கிலாந்தில் அந்த இனம் முதலில் பூத்தது 1849-இல், திருமதி லாரன்ஸ் என்பவரின் தோட்டத்தில். நிலக்கரியால் வெப்பத்தை வாங்க முடிந்தது, வெயிலை வாங்க வழியில்லை.

கொல்கத்தாவில் வெயில் இலவசம். கிழக்கு வெயில் நேராக அடிக்காத தெற்குச் சுவரோரம் தொட்டியை நகர்த்தி, கடுங்குளிர் இரவுகளில் மட்டும் துணியால் மூடினால் போதும். ஈர மண்ணிலும் இலை தொங்கினால் மேலும் தண்ணீர் ஊற்றக் கூடாது. குளிர்ந்த வேர் நீரை இழுக்கத் திணறுகிறது, ஊற்றினால் அழுகும். எல்லாப் பூச்செடிக்கும் குளிர் பகை என்றும் நினைக்க வேண்டாம். பலெனாப்சிஸ் ஆர்க்கிட் பூங்காம்பு விடுவதற்கே சில வாரக் குளிர்ச்சி தேவை. எந்நேரமும் 28 டிகிரிக்கு மேல் கதகதப்பாக வைத்திருந்தால் அது இலை மட்டுமே விடும்.