புளி: வந்த மரமா, சொந்த மரமா?

"சேர், புளி எங்கட மரமா, வந்த மரமா?"

தரம் 10 மாணவி ஒருத்தி கேட்டாள். நடந்தது இலக்கணப் பாடம். மரத்தைக் குறிக்கும் 'புளி' அம் சாரியை பெறும், சுவையைக் குறிக்கும் 'புளி' மெல்லெழுத்து மிகும் என்று தொல்காப்பியம் பிரித்துச் சொல்கிறது. புளியங்கொம்பு மரத்தினுடையது, புளிங்கூழ் சுவையினது. வவுனியாவுக்கு வடக்கேயுள்ள புளியங்குளமும் இந்த விதிப்படி நிற்கும் பெயர்தான். தனக்கென்று சூத்திரமே உள்ள மரத்தை 'வந்தது' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் அதன் தாயகம் வெப்பமண்டல ஆபிரிக்கா என்கிறார்கள் தாவரவியலாளர்கள். அறபியர் அதன் பழத்தைத் 'தமர் ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீச்சை என்றார்கள். அந்தச் சொல் லத்தீனுக்குப் போய், 1753இல் லின்னேயஸ் வைத்த பெயர் 'டமரிண்டஸ் இண்டிகா' ஆயிற்று. ஒரு பெயரில் இரண்டு தரம் இந்தியா, தாயகமோ ஆபிரிக்கா! எகிப்திலும் சிரியாவிலும் நோன்பு துறக்கும்போது இதைக் கரைத்துச் சீனி போட்டுக் குடிக்கிறார்கள். நாங்கள் மீன் ஆணத்துக்குக் கரைக்கிறோம்.

"அப்ப என்னெண்டு எழுதுற?" என்றாள். கொட்டை கொண்டுவரச் சொன்னேன்.

கொட்டையின் தோல் கடினம். ஓரிரவு தண்ணீரில் ஊறவிட்டால் முளைப்பது சுகம். பையில் அதிக காலம் வைக்கக் கூடாது. முன்பு ஒரு வருசம் வைத்திருந்தேன். ஆணிவேர் அடியில் சுருண்டு, நட்ட கன்று தேறவேயில்லை. அந்த வேர் நேரே ஆழமாக இறங்க வேண்டும். கோடையில் இந்த மரம் தாக்குப்பிடிப்பது அதனால்தான். மாரி தொடங்கும்போது, மரத்துக்கு மரம் முப்பதடியாவது விட்டு நட வேண்டும். முதல் இரண்டு கோடைக்கும் தண்ணீர் ஊற்றினால் போதும். ஒட்டுக்கன்று மூன்று நான்கு வருசத்தில் காய்க்கும்; கொட்டைக்கன்றுக்கு ஏழெட்டு வருசமாவது ஆகும்.

பெரும்பாலான பழங்கள் பழுக்கப் பழுக்கப் புளிப்பை இழந்துவிடும். புளி இழப்பதில்லை. தாத்தாரிக் அமிலம் அப்படியே இருக்க, இனிப்பு மட்டும் கூடும். ஓட்டை விட்டுச் சதை கழன்று, தட்டினால் கலகலவென்று கேட்டால் பழுத்துவிட்டது.

பள்ளிக்கூட வளவில் புளி வைத்தால் ஜின் வரும் என்று ஒரு வாப்பா முறைப்பாடு சொன்னார். இருட்டினால் இலை மடிவதும் விடிந்தால் விரிவதும் அதன் இயல்பு என்று காட்டினேன். முழுதாக நம்பவில்லை. ஆனாலும் ஆடு கடிக்காமல் கன்றைச் சுற்றிக் கூடு கட்டித் தந்தவர் அவர்தான்.