உறைபனியில் ஒரு பந்தாட்டம்

நுழையும்முன்

ஒரு விளையாட்டின் புகழ் அதன் தகுதியை மட்டுமே சார்ந்ததன்று. ஆடுகளம், தட்பவெப்பம், பொருட்செலவு, பெரும் போட்டி அரங்குகளின் ஏற்பு ஆகியனவும் அதனைத் தீர்மானிக்கின்றன. நூறாண்டுகளுக்கு மேலாக ஆடப்பட்டும் உலகின் பெரும்பகுதி அறியாத 'பேண்டி' என்னும் விளையாட்டு இதற்குச் சான்றாகும்.

ஆட்டத்தின் இயல்பு

குளிர்நாடுகளில் ஏரிகளும் ஆறுகளும் உறைந்து இறுகும்போது அவையே ஆடுகளங்களாகின்றன. அத்தகைய பனித்தளத்தில் சறுக்குக் காலணி அணிந்து, வளைந்த மட்டையால் சிறு பந்தை அடித்து ஆடும் குழு விளையாட்டே பேண்டி. கால்பந்தைப் போன்றே அணிக்குப் பதினொருவர்; 45 நிமிடங்கள் கொண்ட இரு பகுதிகள்; அயலிட விதியும் மூலை அடியும் இதிலும் உண்டு. இலக்குக் காவலர் கையில் மட்டை இல்லை. வெறும் கையுறைகளாலும் உடலாலுமே அவர் பந்தைத் தடுக்க வேண்டும். களத்தின் நெடும்பக்கங்களில் 15 செ.மீ. உயரமுள்ள தடுப்பு மட்டுமே வைக்கப்படுகிறது.

மூலை அடியின்போது தற்காப்போர் இலக்குக் கோட்டிற்குப் பின்னால் நிற்பர்; தாக்குவோர் தண்டனைப் பகுதிக்கு வெளியே காத்திருப்பர். பந்து அடிக்கப்பட்டதும் இரு திறத்தாரும் எதிரெதிரே பாய்ந்து வரும் காட்சி, ஆட்டத்தின் உச்சமாகும்.

தோற்றமும் பரவலும்

இவ்விளையாட்டின் இன்றைய வடிவம் 19 ஆம் நூற்றாண்டில் கிழக்கு இங்கிலாந்தின் ஃபென்ஸ் சதுப்புநிலப் பகுதியில் உருப்பெற்றது. வெள்ளம் தேங்கிய புல்வெளிகள் குளிர்காலத்தில் உறைய, ஊர்மக்கள் அங்கே ஆடினர். அவர்களுள் ஒருவரான சார்லஸ் டெபட் இதன் விதிகளை வகுப்பதிலும் பிற நாடுகளில் பரப்புவதிலும் முன்னின்றார். 1891 இல் இங்கிலாந்தில் தேசியப் பேண்டி சங்கம் தோன்றியது. பின்னர் சுவீடன், நார்வே, பின்லாந்து, ரஷ்யா ஆகிய நாடுகளில் இவ்விளையாட்டு வேரூன்றியது. 1957 இல் பின்லாந்தில் முதல் உலகப்போட்டி நடைபெற்றது. பெண்களுக்கான உலகப்போட்டி 2004 இல் தொடங்கியது.

பின்தங்கியது ஏன்?

பேண்டிக்குப் போட்டியாய் எழுந்தது ஐஸ் ஹாக்கி. 100 மீட்டர் நீளமும் 60 மீட்டர் அகலமும் கொண்ட பேண்டிக் களத்தின் பரப்பு 6000 சதுர மீட்டர். பன்னாட்டு ஐஸ் ஹாக்கிக் களமோ 1800 சதுர மீட்டர் அளவினதே. குளிரூட்டும் கருவிகளால் பனித்தளம் அமைக்கும் முறை பரவியபோது, சிறிய களத்தை நகரங்களின் உள்ளரங்குகளில் எளிதில் அமைக்க முடிந்தது. மூன்று மடங்குக்கும் மேலான பரப்புடைய களத்தை அமைப்பது பெருஞ்செலவாயிற்று. ஒலிம்பிக் அரங்கும் ஐஸ் ஹாக்கிக்கே வாய்த்தது. 1952 ஆஸ்லோ குளிர்கால ஒலிம்பிக்கில் பேண்டி காட்சி விளையாட்டாக இடம்பெற்றது; எனினும் பதக்க விளையாட்டாக ஏற்கப்படவில்லை. ஆகவே, பேண்டி பின்தங்கியதற்குச் சுவைக்குறைவு காரணமன்று. இடமும் பொருளும் வாய்க்காமையே காரணம்.

கவனம் வேண்டுவது ஏன்?

முதலாவதாக, பேண்டி வலிமையினும் திறனுக்கே முதன்மை தருகிறது. எதிராளியை உடலால் மோதி வீழ்த்துவது தண்டனைக்குரியது. பரந்த வெளியில் விரைந்து சறுக்குவதும், தோழர் நிற்குமிடம் அறிந்து பந்தைச் செலுத்துவதுமே வெற்றியை ஈட்டும்.

இரண்டாவதாக, இது மனிதரை இணைக்க வல்லது. சுவீடனின் பூர்லெங்கே நகரில் குடியேறிய சோமாலிய ஏதிலி இளைஞர்கள், முன்பு பனிச்சறுக்கே அறியாதவர்கள், இவ்விளையாட்டைக் கற்று 2014 இல் ரஷ்யாவின் இர்குட்ஸ்க் நகரில் நடந்த உலகப்போட்டியில் தம் தாய்நாட்டின் பெயரால் ஆடினர். அவர்கள் ஆடிய ஆட்டங்களில் தோற்றனர். ஆயினும் குடியேறிய ஊர் அவர்களை அண்டை வீட்டாராய் அறிந்துகொள்ள அம்முயற்சி வழிவகுத்தது.

மூன்றாவதாக, இதன் எதிர்காலம் இயற்கையோடு பிணைந்துள்ளது. புவி வெப்பமடைதலால் இயற்கைப் பனி உறையும் நாள்கள் குறைந்து வருகின்றன. பேண்டி பிறந்த ஃபென்ஸ் பகுதியிலேயே ஆடத்தக்க பனி இன்று அரிதாகிவிட்டது. இனி இவ்விளையாட்டு வாழ வேண்டுமானால், செயற்கைக் களங்களும் உள்ளரங்குகளும் இன்றியமையாதவை. சுவீடனின் எட்ஸ்பின் என்னும் சிற்றூர் 2003 இல் அத்தகைய உள்ளரங்கை எழுப்பியது. பார்ப்போரும் ஆடுவோரும் பெருகினாலன்றி இத்தகைய செலவை ஏற்கப் பலர் முன்வரார். எனவே, மக்களின் கவனம் இவ்விளையாட்டுக்கு வெறும் புகழன்று, உயிர்ப்பிடிப்பு.

புகழ்பெற்றவற்றை மட்டுமே போற்றும் உலகில், சிற்றூர் மக்கள் தலைமுறைகளாகக் காத்துவந்த கலைகளும் ஆட்டங்களும் ஓசையின்றி மறைந்துபோகின்றன. அறியாத விளையாட்டு ஒன்றை அறிய முற்படுவதே அதனைக் காப்பதன் முதற்படியாகும்.

தெரிந்து தெளிவோம்

ரஷ்யாவில் பேண்டியை 'ரஷ்ய ஹாக்கி' என்றும் அழைப்பர். 1957 முதல் 1979 வரை நடைபெற்ற 11 உலகப்போட்டிகளிலும் சோவியத் ஒன்றியமே வாகை சூடியது. 1981 இல் சுவீடன் அந்த வெற்றித் தொடரை முடிவுக்குக் கொண்டுவந்தது.