64 ஆண்டுகள் காத்திருந்த குட்டி நாடு!

ஐரோப்பாவில் லித்துவேனியா என்று ஒரு சிறு நாடு இருக்கிறது. கூடைப்பந்து என்றால் அங்கே மக்களுக்கு உயிர்.

ஐரோப்பியக் கூடைப்பந்துப் போட்டி முதன் முதலாக 1935-ல் ஜெனீவா நகரில் நடந்தது. 10 நாடுகள் ஆடின. லாட்வியா வென்றது. அடுத்த போட்டி 1937-ல். இத்தாலியைத் தோற்கடித்து லித்துவேனியா வெற்றி பெற்றது.

ஒரே ஒரு புள்ளி!

1939 போட்டி லித்துவேனியாவிலேயே, கௌனஸ் நகரில் நடந்தது. அதற்கென்றே புது அரங்கம் கட்டினார்கள்.

முதல் ஆட்டத்தில் பக்கத்து நாடான லாட்வியாவுடன் பலத்த போட்டி. ஆட்டம் முடியும் நேரம். லித்துவேனிய வீரர் லுபினாஸ் பந்தைக் கூடைக்குள் போட்டார். 37-க்கு 36! லித்துவேனியா ஜெயித்துவிட்டது.

லுபினாஸ் அமெரிக்காவில் பிறந்தவர், பெற்றோர் லித்துவேனியர். 1936 ஒலிம்பிக்கில் தங்கப்பதக்கம் பெற்ற அமெரிக்க கோஷ்டியில் ஆடியவர்.

எல்லா ஆட்டங்களிலும் வென்று லித்துவேனியா மீண்டும் வாகை சூடியது.

மறைந்த கொடி

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1940-ல் சோவியத் யூனியன் அந்த நாட்டைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. லித்துவேனிய வீரர்கள் சோவியத் கோஷ்டியில் ஆடினார்கள். பட்டங்கள் கிடைத்தன. ஆனால், சொந்தக் கொடி ஏறவில்லை.

1990-ல் லித்துவேனியா சுதந்திரப் பிரகடனம் செய்தது. 2003-ல் ஸ்டாக்ஹோம் நகரில் ஸ்பெயினை 93-க்கு 84 என்ற கணக்கில் தோற்கடித்தது.

64 ஆண்டுகளுக்குப் பிறகு பட்டம் வீடு திரும்பியது!