நாலு மரை விட்டு வை

1994இல் அப்பா வாங்கிய மாருதி 800 ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய வண்டி. அதன் ஸ்டியரிங், ஒல்லியான கருப்பு பிளாஸ்டிக் வளையம். மே மாத வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் தொட முடியாது. வியர்த்த கையில் வழுக்கும். அந்த வருடத் தீபாவளி போனஸ் வந்ததும், சென்னை அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஜி.பி. ரோட்டுக்கு என்னையும் கூட்டிப் போனார். கடைக்குக் கடை ஸ்டியரிங்குகள் தொங்கின. அப்பா எடுத்தது தடித்த பிடியும் மூன்று கம்பியும் கொண்ட சின்ன ஸ்டியரிங்.

அதைக் கடை வாசலிலேயே மாட்டினார் மெக்கானிக் அண்ணன். முதலில் முன்சக்கரங்களை நேராக நிறுத்தினார். நடு மூடியைப் பெயர்த்து, ஹார்ன் ஒயரைக் கழற்றி, தண்டிலும் பழைய ஸ்டியரிங்கிலும் ஒரே நேரில் சுண்ணாம்புக் கோடு போட்டார். பிறகு என் கையில் பாக்ஸ் ஸ்பேனரைக் கொடுத்தார். “தம்பி, நட்டை முழுசாக் கழட்டிடாதே. நாலு மரை விட்டு வை.” வருடக்கணக்காகத் தண்டின் பற்களில் இறுகிப்போன வளையம் சட்டென்று விடுபடும்; நட்டு இல்லாவிட்டால், இழுக்கிறவன் முகத்தில் அடிக்கும்.

புது ஸ்டியரிங் தண்டில் நேரடியாக உட்காராது. நடுவே ‘பாஸ் கிட்’ வேண்டும். அதன் உட்பற்கள் அந்தந்த வண்டியின் தண்டுக்கென்றே வெட்டப்பட்டவை. பொருந்தாததைத் தட்டி ஏற்றினால் பல் தேயும். தேய்ந்த பல் ஒருநாள் வளைவில் கைவிடும். பாஸைத் தப்பாக உட்கார வைத்தால் திருப்பம் முடிந்த பிறகும் இண்டிகேட்டர் தானாக அணையாது. அண்ணன் இவை அத்தனையும் பார்த்து, ஆறு போல்ட்டையும் எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்கினார்.

சின்ன ஸ்டியரிங் மீதான அந்த ஆசை பந்தயத் தடத்தில் பிறந்தது. இத்தாலியப் பந்தய வீரர் ஜியான்பியரோ மொரெட்டி தன் காருக்கெனத் தடித்த பிடியுடன் ஒரு ஸ்டியரிங் செய்துகொண்டார். அது ஜான் சர்ட்டீஸின் ஃபெராரிக்கும் போனது. 1964இல் சர்ட்டீஸ் உலகச் சாம்பியனானார். மொரெட்டியின் ‘மோமோ’ ஸ்டியரிங் உலகெங்கும் பரவியது. ஆனால் பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் அந்த அழகுக்கு விலை உண்டு. 380 மி.மீ. விட்டம் 330 ஆனால், திருப்பக் கை கொடுக்க வேண்டிய பலம் சுமார் 15% கூடும். நெருக்கடியான சந்தில் வண்டியை ஒடித்துத் திருப்பும்போதெல்லாம் அப்பாவின் தோள் அதைச் சொன்னது.

இன்று அக்கா மகனின் புதுக் காரில் அதே ஆசை வந்து நிற்கிறது. ஆனால் ஸ்டியரிங் இப்போது வெறும் வளையம் இல்லை. இந்தியாவில் 2019 ஜூலை முதல் ஓட்டுநருக்கான ஏர்பேக் கட்டாயம். அது மடிந்து கிடப்பது ஸ்டியரிங்கின் நடுவில்தான். மோதினால் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் விரிந்து, முகமும் மார்பும் ஸ்டியரிங்கில் இடிக்காமல் தாங்கும். அதற்கு மின்சாரம் கொண்டுபோவது ‘கிளாக் ஸ்பிரிங்’: ஸ்டியரிங்கோடு சேர்ந்து சுருண்டும் விரிந்தும் கொடுக்கும் நாடா போன்ற ஒயர். அதை நடுநிலை தவறி மாட்டினால் முழுச் சுற்றில் அறுந்துவிடும். சர்வீஸ் சென்டரில்கூட பேட்டரியைக் கழற்றி, தேங்கிய மின்சாரம் வடியும்வரை காத்திருந்த பிறகே அங்கே கை வைக்கிறார்கள். கடையில் வாங்கும் சின்ன ஸ்டியரிங்கில் ஏர்பேக் இருக்காது. அதை மாட்டுவது, உயிர்காக்கும் பையைக் கழற்றி எறிவதுதான்.

பராமரிப்பும் மாறியிருக்கிறது. அன்று பிளாஸ்டிக் வளையத்தை ஈரத்துணியால் துடைத்து, கவர் ஒன்று மாட்டினால் வேலை முடிந்தது. இன்று தோல் உறைக்குக் கையின் வியர்வையும் எண்ணெயும் எதிரி. மென்மையான சோப்பு நுரையை மெல்லிய துணியில் தொட்டுத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். கொரோனா நாட்களில் பலர் சானிடைசர் தேய்த்துத் தோலின் மேற்பூச்சை உரித்துவிட்டார்கள். பளபளப்புக்காகப் பூசும் சிலிக்கான் பாலிஷ் பிடியை வழுக்கலாக்கும். தளர்ந்து சுழலும் கவர் அதைவிட ஆபத்து. ஏர்பேக் மூடிமேல் ஒட்டும் கல் பதித்த அலங்காரம், பை வெடித்து விரியும்போது முகத்தை நோக்கிப் பறக்கும்.

மருமகனை நான் கூட்டிப் போனது தோல் தைக்கும் ஒருவரிடம். கம்பெனி ஸ்டியரிங்கைக் கழற்றாமல், காருக்குள் உட்கார்ந்தபடியே, வளையத்தைச் சுற்றி நல்ல தோலை இழுத்துப் பிடித்து, இரண்டு ஊசியால் எதிரெதிராகக் கோத்து வந்தார். ஏர்பேக் மூடியின் பக்கம் ஊசி போகவே இல்லை. முடிந்ததும் மருமகன் பிடித்துப் பார்த்தான். அவன் கேட்ட தடிமனும் பிடிப்பும் வந்திருந்தன. ஜி.பி. ரோட்டு அண்ணனின் குரல் எனக்குக் கேட்டது. அன்று நாலு மரை விட்டு வைத்தது முகத்தைக் காக்க. இன்று ஸ்டியரிங்கையே விட்டு வைப்பதும் அதற்குத்தான்.