டைமிங் கவரில் கசியும் எண்ணெய்

அமெரிக்காவில் பழைய செவர்லே பிக்கப் வைத்திருக்கும் பல வீடுகளில், வண்டி வழக்கமாக நிற்கும் இடத்தைச் சிமென்ட் தரையின் எண்ணெய்க் கறையே காட்டிக்கொடுத்துவிடும். சொட்டு இன்ஜினின் முன்பக்கமாக விழுந்தால் முதல் சந்தேகம் டைமிங் கவர் மேல்தான் போகும். இந்த வேலையில் பேக்கிங், ஆயில் சீல் இரண்டும் சொற்ப விலைதான். ஒர்க்‌ஷாப் பில்லை ஏற்றுவது கூலி. அதனால் வீட்டு கராஜிலேயே கவரைக் கழற்றிப் பார்க்கத் துணிபவர்கள் அங்கே ஏராளம்.

அதற்குத் தோதான இன்ஜினும் அவர்களிடம் இருக்கிறது. 1955-ல் வந்த செவர்லே ‘ஸ்மால் பிளாக்’ வி8 அது. அந்தக் குடும்பத்தின் 10 கோடியாவது இன்ஜினை ஜெனரல் மோட்டார்ஸ் 2011-ல் தயாரித்தது. இதில் கேம்ஷாஃப்ட் பிளாக்குக்குள்ளேயே, கிராங்க்‌ஷாஃப்டுக்கு நேர் மேலே இருக்கிறது. ஒன்றைக் கொண்டு மற்றதைச் சுழற்ற ஒரு குட்டைச் சங்கிலி போதும். அந்தச் சங்கிலியை மூடியிருப்பதுதான் டைமிங் கவர்; பழைய மாடல்களில் அது அச்சில் அழுத்திய இரும்புத் தகடு ஒன்று. பிடித்திருப்பவை சின்னச் சின்ன போல்ட்கள்.

கசிவதற்கு மூன்று வழிகள் உண்டு. கவருக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள பேக்கிங் சூடாகிச் சூடாகி இறுகிப்போகலாம். கிராங்க்‌ஷாஃப்ட் வெளியே வரும் துளையில் உள்ள ஆயில் சீலின் உதடு தேயலாம். கவரின் அடிவிளிம்பு ஆயில் பேன் மேல் உட்காரும் இடம் மூன்றாவது.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன், எண்ணெய் வருவது இங்கிருந்துதானா என்று பார்ப்பது நல்லது. மேலே வால்வு கவரில் கசியும் எண்ணெயும் வழிந்து வந்து டைமிங் கவரை நனைக்கும். முன்பக்கத்தை நன்றாகக் கழுவிவிட்டுச் சிறிது நேரம் இன்ஜினை ஓடவிட்டால், ஈரம் தெரியும் இடங்களில் எது உயரத்தில் இருக்கிறதோ அதுதான் ஊற்று. இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வையும் சோதிக்க வேண்டும். அது அடைத்திருந்தால் இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறி, புதிதாகப் போட்ட சீலையும் மீறி எண்ணெய் வெளியேறும்.

கழற்றும் வரிசை எளிது. பேட்டரி வயரை எடுத்து, கூலன்ட்டை வடித்து, பெல்ட், ஃபேன், வாட்டர் பம்ப் ஆகியவற்றை இறக்க வேண்டும். அடுத்து வரும் பேலன்சரில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கிராங்க்‌ஷாஃப்டின் மூக்கில் இறுக்கமாக ஏறியிருக்கும் இந்தச் சக்கரத்தின் வெளி வளையமும் உள் ஹப்பும் ஒரு ரப்பர் பட்டையால்தான் இணைந்திருக்கின்றன. வெளி விளிம்பில் கொக்கி போடும் புல்லரால் இழுத்தால் ரப்பர் பிய்ந்துவிடும். ஹப்பில் போல்ட் போட்டு இழுக்கும் புல்லர்தான் இதற்குச் சரி. திரும்ப ஏற்றும்போதும் சுத்தியலால் அடிக்கக் கூடாது. அந்த அடி உள்ளே உள்ள த்ரஸ்ட் பேரிங்கில் போய் இறங்கும்.

வேலையின் பெரும்பகுதி நேரத்தைச் சுரண்டுவதற்கு ஒதுக்க வேண்டும். பழைய பேக்கிங்கின் துணுக்கு ஒட்டியிருந்தாலோ, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலோ எந்த சீலன்ட்டும் பிடிக்காது. அவசரத்துக்கு டிரில்லில் மாட்டும் தேய்ப்பு டிஸ்க்கை எடுப்பவர்கள் உண்டு. டிஸ்க்கிலிருந்து உதிரும் பொடி எண்ணெயில் கலந்து பேரிங்குகளை அரித்துவிடும் என்று ஜெனரல் மோட்டார்ஸே மெக்கானிக்குகளை எச்சரித்திருக்கிறது. பிளாஸ்டிக் சுரண்டியும் கரைப்பானில் நனைத்த துணியும் போதும். போல்ட்டை அதிகம் முறுக்கியதால் கவரின் துளைகளைச் சுற்றித் தகடு குழிந்திருந்தால், தட்டையான இரும்பின் மேல் வைத்துத் தட்டிச் சமப்படுத்திவிடலாம்.

புது சீலின் உதட்டுக்குப் பின்னால் மெல்லிய சுருள் கம்பி ஒன்று இருக்கும். கவரில் சீலைத் தட்டி இறக்கும்போது அது தெறித்து விழுந்துவிடக்கூடும். கொஞ்சம் கிரீஸ் தடவிவிட்டால் இடத்திலேயே நிற்கும். உதடு இன்ஜினின் உட்புறம் பார்க்க வேண்டும். பேலன்சர் ஹப்பில் சீல் உரசிய இடத்தில் நகத்துக்குத் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால், மெல்லிய எஃகு ஸ்லீவ் ஒன்றை அதன் மேல் ஏற்றிவிடுவார்கள்.

சிலிகோன் சீலன்ட் தாராளமாகப் போனால்தான் ஆபத்து. பிதுங்கும் சீலன்ட்டில் பாதி உள்பக்கம் போய், இறுகிய பின் பிய்ந்து ஆயில் பேனுக்குள் விழும். ஆயில் பம்பின் வலையை அடைத்தால் இன்ஜினுக்கே கேடு. காகிதப் பேக்கிங் உள்ள இடத்தில் அது அவ்வளவாகத் தேவையில்லை. பிளாக், கவர், ஆயில் பேன் மூன்றும் சந்திக்கும் இரு மூலைகளிலும் ஒரு பொட்டு வைக்காமல் விடக் கூடாது. பேலன்சரின் சாவிப் பள்ளத்திலும் கொஞ்சம் தடவ வேண்டும்; எண்ணெய் அதன் வழியாகவும் ஊர்ந்து வரும். கவர் போல்ட்களுக்கு முறுக்கு சுமார் 9 நியூட்டன் மீட்டர் போதும். கார் வீல் நட்டுக்கு அது 100-ஐத் தாண்டும் என்பதை நினைத்துக்கொண்டால் கை தானாக அடங்கும்.

எல்லா மாடலுக்கும் இதே முறை பொருந்தாது. 1996-ல் வந்த வோர்டெக் வகையில் கவர் பிளாஸ்டிக். கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். 1997-ல் கார்வெட்டில் அறிமுகமான எல்எஸ் வகையில் கவர் அலுமினியம். அதில் போல்ட்களைத் தளர்வாக விட்டு, சீல் கிராங்க்‌ஷாஃப்டைச் சுற்றி நடுவாக அமர்ந்த பிறகே முறுக்க வேண்டும்.

சீலன்ட் முழுதாக இறுக ஒரு நாள் ஆகும். வாட்டர் பம்பைக் கழற்றும்போது கூலன்ட் ஆயில் பேனுக்குள் சொட்டியிருக்கலாம் என்பதால், எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டே ஸ்டார்ட் செய்ய வேண்டும். சில நாள் ஓட்டிய பின் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியவை கவரின் கீழ் மூலைகளும் பேலன்சரின் பின்பக்கமும். அங்கே ஈரம் தெரிந்தால் போல்ட்டை மேலும் முறுக்கிப் பயனில்லை. தகடு வளைந்து கசிவு கூடும். மறுபடி கழற்றத்தான் வேண்டும்.