கலப்பு ஊடகச் சித்திரம்: படக்கதை, திரைப்பட ஓவியங்கள் உருவாகும் முறை

பென்சில், மை, நீர்வண்ணம், அக்ரிலிக் வண்ணம், புகைப்படம், துணி, காகிதத் துண்டு போன்றவற்றுள் இரண்டோ அதற்கு மேற்பட்டவையோ ஒரே பரப்பில் சேர்ந்து அமையும் ஓவியம் கலப்பு ஊடக ஓவியம் எனப்படும். படக்கதை அட்டைகள், திரைப்படச் சுவரொட்டிகள், ரசிகர்கள் வரையும் கதைமாந்தர் ஓவியங்கள் ஆகியவற்றில் இம்முறை பரவலாகக் காணப்படுகிறது.

கையில் கிடைத்த வண்ணங்களையெல்லாம் ஒரு தாளில் சேர்ப்பதே கலப்பு ஊடகம் என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். இதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தனி வேலை உண்டு. எது முன்னே, எது பின்னே என்ற வரிசையும் உண்டு. அந்த வரிசையை முடிவு செய்வது பொருள்களின் இயல்பு. அதை மீறினால் நல்ல ஓவியமும் சில மாதங்களில் உரிந்தோ மங்கியோ போகும்.

தமிழ்நாட்டுப் பின்னணி

கலப்பு ஊடகம் என்ற பெயர் பரவுவதற்கு முன்பே அந்த வேலை தமிழ்நாட்டில் நடந்துவந்தது. சென்னை அண்ணா சாலையில் நின்ற திரைப்பட பேனர்களே அதற்குச் சான்று. பட நிறுவனம் தரும் புகைப்படத்தின் மேல் ஓவியர் கட்டங்கள் வரைவார். அதே எண்ணிக்கையில் பெரிய கட்டங்களை, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியிலும் வரைவார். ஒரு சிறிய கட்டத்துக்குள் இருக்கும் கோடு ஒரு பெரிய கட்டத்துக்குள் செல்லும். இவ்வாறு உள்ளங்கையளவு முகம் இரண்டு மாடி உயரத்துக்கு வளரும். வண்ணப்பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துப் பூசுவர். பின்னணியை உதவியாளர்கள் நிரப்ப, முகத்தைத் தலைமை ஓவியர் முடிப்பார். சில பேனர்களில் நாயகியின் ஆடையிலும் எழுத்துகளிலும் ஜிகினாத் தகடுகளைப் பொருத்துவதும் உண்டு. காற்றில் அவை மின்னும். புகைப்படம், எண்ணெய் வண்ணம், துணி, தகடு ஆகிய நான்கும் ஒரே படைப்பில் சேர்ந்தன.

படக்கதை உலகில் சிவகாசி முக்கிய இடம் பெறுகிறது. அங்கிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. உள்ளே அயல்நாட்டுக் கதையின் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியம் இருக்கும். அட்டைக்கு வண்ண ஓவியம் வேண்டும். திரைப்படச் சுவரொட்டியைப் போல் அது ஒரே பார்வையில் வாசகரைக் கடைக்கு இழுக்க வேண்டும். கோட்டோவியம், திரைப்படம், கணினி ஓவியம் ஆகிய துறைகள் அனைத்திலும் இயங்கும் ஓவியர் ட்ராட்ஸ்கி மருதுவின் பணிகளைப் பார்த்தால் இத்துறைகள் எவ்வளவு நெருக்கமானவை என்பது விளங்கும்.

ஒரு முன்மாதிரி: ட்ரூ ஸ்ட்ரூசன்

இம்முறையைப் படிப்படியாக அறிய, அமெரிக்க ஓவியர் ட்ரூ ஸ்ட்ரூசனின் செய்முறை உதவும். ‘இண்டியானா ஜோன்ஸ்’, ‘பேக் டு த ஃபியூச்சர்’ ஆகிய படங்களின் சுவரொட்டிகள் இவர் கைவண்ணம். இவரது முறை பின்வருமாறு:

1. கெட்டியான ஓவிய அட்டையில் ஜெஸ்ஸோ என்னும் வெள்ளைப் பூச்சு பூசப்படுகிறது. இது பரப்புக்குச் சிறு சொரசொரப்பைத் தருகிறது.
2. புகைப்படங்களைப் பார்வைக்கு வைத்துக்கொண்டு பென்சிலால் முழு ஓவியமும் வரையப்படுகிறது.
3. அக்ரிலிக் வண்ணத்தைக் காற்றுத் தூரிகையால் மெல்லிய படலமாகத் தெளித்து நிழலும் நிறமும் ஏற்றப்படுகின்றன. அடியிலுள்ள பென்சில் கோடு மறைவதில்லை.
4. தோல், முடி, துணிமடிப்பு போன்ற நுட்பங்கள் வண்ணப் பென்சிலால் சேர்க்கப்படுகின்றன.
5. கண்ணின் ஒளி, விளிம்பின் பளபளப்பு ஆகியவை இறுதியில் வெளிர் வண்ணத்தால் இடப்படுகின்றன.

அக்ரிலிக் காய்ந்தபின் நீரில் கரையாது. ஆகவே அதன்மேல் துணிந்து வேலை செய்யலாம். வண்ணப் பென்சிலில் மெழுகு இருப்பதால் அதை முதலிலேயே அழுத்திப் பூசினால் நீர் கலந்த வண்ணம் அதன்மேல் ஒட்டாமல் முத்து முத்தாக நிற்கும். அதனால்தான் வண்ணம் முன்னும் பென்சில் பின்னும் வருகின்றன. 1982இல் வெளியான ‘தி திங்’ படத்தின் சுவரொட்டியை ஸ்ட்ரூசன் ஒரே இரவில் முடித்தார். குளிர்கால உடையணிந்து தாமே நின்று எடுத்துக்கொண்ட புகைப்படத்தை மாதிரியாகக் கொண்டார். வரிசை கையில் படிந்திருந்ததால்தான் அந்த வேகம் கூடியது.

வேறு வழிகளும் உண்டு. 1989இல் தொடங்கிய ‘சாண்ட்மேன்’ படக்கதையின் அட்டைகளுக்கு டேவ் மெக்கீன் ஓவியம், புகைப்படம், உண்மைப் பொருள்கள் ஆகியவற்றை ஒன்றாக அமைத்துப் படமெடுத்தார். 1994இல் வெளியான ‘மார்வெல்ஸ்’ கதைக்கு அலெக்ஸ் ராஸ் மனிதர்களை நிற்கவைத்துப் படமெடுத்து, குவாஷ் எனப்படும் ஒளிபுகா நீர்வண்ணத்தால் வரைந்தார். நம் பள்ளிகளில் பயன்படும் போஸ்டர் கலர் குவாஷுக்கு நெருங்கிய உறவு.

நினைவில் கொள்ள வேண்டிய விதிகள்

• எண்ணெய் வண்ணத்தின் மேல் அக்ரிலிக் பூசக் கூடாது, உரிந்துவிடும். அக்ரிலிக்கின் மேல் எண்ணெய் வண்ணம் பூசலாம்.
• நீர்வண்ணத்துக்கு அடியில் கோடு வரைய நீரில் கரையாத மையே வேண்டும். சாதாரணப் பேனா மை கசிந்து பரவும்.
• செய்தித்தாள் விரைவில் பழுக்கும். ஒட்டுச் சித்திரத்தில் அதைச் சேர்த்தால் அந்த நிறமாற்றத்தை எதிர்பார்த்தே சேர்க்க வேண்டும்.
• அரிசி, மைதாப் பசையைப் பூச்சிகள் தேடி வரும். வெள்ளைப் பசை பாதுகாப்பானது.
• கொல்லிமலை போன்ற ஈரப்பதமான இடங்களில், மழைக்காலத்தில் தாள் நெளியும். தாளின் நான்கு ஓரங்களையும் பலகையில் ஒட்டிவைத்துத் தொடங்க வேண்டும். ஓர் அடுக்கு நன்றாகக் காய்ந்த பின்னரே அடுத்ததைத் தொட வேண்டும்.

பயிற்சி: ஓரியின் அம்பு

பயிற்சிக்கு அயல்நாட்டு வீரர்தான் வேண்டும் என்பதில்லை. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பற்றிப் புறநானூற்றில் வன்பரணர் பாடிய 152ஆம் பாடலில் ஒரு காட்சி உண்டு. ஓரி எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் கடந்து, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. அம்பு ஒன்று, இலக்கு ஐந்து. படக்கதைக்கென்றே அமைந்த காட்சி.

முதலில் தீப்பெட்டி அளவில் ஐந்தாறு மாதிரிகள் வரைந்து பார்க்க வேண்டும். படக்கதையாக வரைந்தால் ஐந்து கட்டங்கள் வரும். அம்பு கட்டத்துக்குக் கட்டம் தாவும், இடையில் உள்ளதை வாசகரின் மனம் நிரப்பும். திரைப்படச் சுவரொட்டியாக வரைந்தால் ஒரே சட்டம். முன்னே பெரிய யானை, தொலைவில் சிறிய உடும்பு, இரண்டையும் இணைக்கும் ஒரே கோடு. முதலாவது காலத்தைக் காட்டுகிறது. இரண்டாவது ஆழத்தைக் காட்டுகிறது. எது வேண்டும் என்று முடிவு செய்த பிறகே பொருள்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சுவரொட்டி வகையைத் தேர்ந்தால், அம்பு செல்லும் பாதையில் மெல்லிய ஒட்டுநாடாவை ஒட்டிவிடலாம். தாளை மரப்பட்டையின் மேல் வைத்து மெழுகு வண்ணக்கட்டியால் தேய்த்தால் பட்டையின் வரிகள் பதியும். அதன்மேல் பச்சை நீர்வண்ணம் பூசினால் மெழுகுள்ள இடத்தில் நிறம் ஒட்டாது. காடு தானே தோன்றும். மேலே கூறிய மெழுகின் குறை இங்கே குணமாகிறது. நண்பர் ஒருவரை வில்லேந்தி நிற்கச் செய்து, பக்கவாட்டில் விளக்கு வைத்துப் படமெடுத்தால் ஓரியின் தோள் நிழல் கிடைக்கும். உடல்களைப் போஸ்டர் கலரில் முடித்து, கிழித்த பழுப்புக் காகிதத்தால் புற்றை ஒட்டி, இறுதியில் வண்ணப் பென்சிலால் மயிரும் வரியும் சேர்க்கலாம். எல்லாம் காய்ந்தபின் நாடாவை மெல்ல உரித்தால் அம்பின் பாதை வெண்மையாகத் தெரியும்.

உரிமையும் ஆவணமும்

ஒரு திரைப்படக் காட்சியையோ கதைமாந்தரையோ பயிற்சிக்காக வரைவது வேறு. அதை அச்சிட்டு விற்பது வேறு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) ஓவியருக்கு வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் உரிமை தருகிறது. திரைப்படத்துக்கு அது வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள். விற்பனைக்கு வரைவோர் உரிமையாளரின் அனுமதி பெற வேண்டும். சங்கப் பாடல்களுக்கு அத்தடை இல்லை.

2000ஆம் ஆண்டையொட்டி ஃபிளெக்ஸ் அச்சு பரவியபின் கையால் வரையும் பேனர் தொழில் சுருங்கியது. படம் ஓடி முடிந்ததும் துணியின் மேல் வேறு படம் வரைவது வழக்கமாதலால் மூல ஓவியங்கள் பெரும்பாலும் எஞ்சவில்லை. எந்த வண்ணத்தை எதனோடு கலந்தனர், எதை முதலில் பூசினர் என்பன குருவிடமிருந்து சீடருக்கு வாய்வழியாகச் சென்றவை. தொழில் நின்றதும் அந்த அறிவும் அருகியது. ஆகவே ஓவியத்தை முடித்ததும் தாளின் பின்புறத்தில் பயன்படுத்திய பொருள்கள், பூசிய வரிசை, நாள் ஆகிய மூன்றையும் பென்சிலால் எழுதி வைக்கும் பழக்கத்தை மாணவர் மேற்கொள்வது நல்லது.