கொரியருக்கு ஓடும் பட்டாணி

நங்கநல்லூரில் பிறந்த பூனை விமானச் சத்தத்துக்கெல்லாம் பயந்துகொண்டிருந்தால் கதைக்கு ஆகாது. மீனம்பாக்கம் விமான நிலையம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பழவந்தாங்கல் பக்கம் மின்சார ரயில் ஓடுகிறது. போதாததற்குத் தெருவுக்குத் தெரு பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டுகிறார்கள். எங்கள் மாடி வீட்டுப் பூனைக்குப் பட்டாணி என்று பெயர். விமானம் ஒன்று வீடே அதிரும்படி போகும்போது, ஜன்னல் திட்டில் படுத்தபடி ஒரு காதை மட்டும் அந்தப் பக்கம் திருப்பும். கண்ணைக்கூடத் திறக்காது. அதே பட்டாணி, கொரியர்காரர் அழைப்பு மணியை ஒரு தடவை அழுத்தினால் போதும், எங்கே போனது என்றே தெரியாது. அரை மணி கழித்துத் தேடினால் கட்டிலுக்கு அடியில், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருக்கும்.

"மாமா, அவ்ளோ பெரிய ஏரோப்ளேனுக்கே பயப்படல. கொரியர் அண்ணாவுக்கு ஏன் இப்படி ஓடுது? பட்டாணி கோழையா?" என்று கேட்டாள் அந்த வீட்டுப் பாப்பா. ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள்.

பட்டாணி கோழை இல்லை. அதன் கணக்கு நம் கணக்கிலிருந்து வேறு, அவ்வளவுதான்.

பூனைக்குச் சத்தம் பெரிதா சிறிதா என்பது மட்டும் முக்கியமில்லை. அது எப்படி வருகிறது என்பதும் முக்கியம். விமானச் சத்தம் தூரத்தில் மெதுவாக ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, பிறகு இறங்கிப் போய்விடும். குட்டியாக இருந்த நாளிலிருந்து தினமும் வருகிறது. வந்த எந்தத் தடவையும் பட்டாணியை ஒன்றும் செய்ததில்லை. இப்படித் திரும்பத் திரும்ப வந்து எந்தக் கெடுதலும் செய்யாத ஒன்றை மூளை மெல்ல மெல்லக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். இதற்குப் பழக்கப்படுதல் என்று பெயர். அழைப்பு மணி அப்படியில்லை. முன்னறிவிப்பே இல்லாமல் திடீரென்று உச்சத்தில் வந்து விழுகிறது. அதற்குப் பின்னால் கதவு திறக்கிறது, தெரியாத மனிதர், தெரியாத வாசனை, கனமான ஷூ சத்தம். அடுத்த முறை யார் வருவார், என்ன செய்வார் என்று பூனையால் ஊகிக்கவே முடியாது. ஊகிக்க முடியாததுதான் பூனையை அதிகம் பயமுறுத்துகிறது.

இதில் அதன் காதுக்கும் பங்குண்டு. நம் காதுக்கு ஒரு விநாடிக்கு 20,000 அதிர்வுகள் வரை உள்ள ஒலி கேட்கும். பூனைக்கு ஏறத்தாழ 85,000 வரை கேட்கும். நாய்கூட இந்த விஷயத்தில் பூனைக்குப் பின்னால்தான். எலிக்குட்டிகள் நமக்குக் கேட்காத மெல்லிய கீச்சொலியில் பேசிக்கொள்கின்றன. அதை ஒட்டுக்கேட்டுப் பிடிப்பதற்குப் பூனைக்கு இந்தக் காது வேண்டும். ஆனால் எலியைக் காட்டிக்கொடுக்கும் காது, நாம் நாற்காலியை இழுக்கும் கிரீச்சையும் விடாமல் கேட்டுத் தொலைக்கிறது.

காதில் விழுந்த ஒலி மூளைக்குள் போனதும் என்ன நடக்கிறது? அமிக்டலா என்று ஒரு சிறிய பகுதி இருக்கிறது. அது அடுக்குமாடி வாசலில் இருக்கும் காவலாளி மாதிரி. முதலில் விசில், பிறகுதான் விசாரணை. அது எச்சரித்ததும் ஹைப்போதலாமஸ் என்ற இன்னொரு பகுதி உடம்பு முழுவதற்கும் உத்தரவு அனுப்பும். சிறுநீரகங்களின் மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் கொட்டும். இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு வேகம் பிடிக்கும், கல்லீரல் சேர்த்து வைத்திருந்த சர்க்கரையை வெளியே விடும், ரத்தம் தசைகளுக்குப் பாயும். 'வந்தது யார்?' என்று யோசித்து முடிப்பதற்குள் கால்கள் ஓடத் தொடங்கியிருக்கும்.

உங்களுக்கும் எனக்கும் பரீட்சை ஹாலில் நடப்பது இதேதான். இதை மனிதர்கள் கண்டுபிடித்ததே பூனைகளைப் பார்த்துத்தான் என்பது பலருக்குத் தெரியாது.

எக்ஸ் கதிர்களை ராண்ட்கன் கண்டுபிடித்தது 1895இல். அடுத்த சில வருடங்களிலேயே அமெரிக்காவின் ஹார்வர்டில் வால்டர் கேனன் என்ற மருத்துவ மாணவர், சாப்பிட்ட சாப்பாடு வயிற்றுக்குள் எப்படி நகர்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டார். பிஸ்மத் என்ற உலோகத்தின் உப்பைச் சாப்பாட்டில் கலந்தால் எக்ஸ் கதிர்த் திரையில் சாப்பாடு கறுப்பாகத் தெரியும். அப்படிக் கலந்து பூனைகளுக்குக் கொடுத்து, திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். இரைப்பை அலை அலையாகச் சுருங்கி விரிந்து சாப்பாட்டைப் பிசைந்தது. எல்லாம் சரிதான், ஆனால் சில பூனைகளுக்கு அந்த அலை திடீரென்று நின்றுபோனது. கருவி கெட்டுவிடவில்லை. பூனை மிரண்டிருந்தது. தடவிக் கொடுத்துச் சமாதானப்படுத்தியதும் அலை மறுபடி ஓட ஆரம்பித்தது.

பயந்தால் வயிறு வேலையை நிறுத்திவிடுகிறது! கேனன் தேடிப் போனது ஜீரணத்தை, கையில் கிடைத்தது பயம். அவர் அதை விடவில்லை. 1911இல் அவரும் கூட வேலை பார்த்தவர்களும் ஒரு பூனையின் முன்னால் நாயைக் குரைக்க விட்டார்கள். குரைப்பதற்கு முன்பும் பின்பும் பூனையின் ரத்தத்தைச் சோதித்தார்கள். பின்னால் எடுத்த ரத்தத்தில் அட்ரினலின் வேலை தெரிந்தது. மிரண்ட பூனைகளின் சிறுநீரில் சர்க்கரையும் வந்தது. இதையெல்லாம் சேர்த்து 1915இல் அவர் எழுதிய புத்தகத்திலிருந்துதான் 'சண்டை அல்லது ஓட்டம்' என்ற கருத்து உலகமெங்கும் பரவியது. ஆபத்து வந்தால் எதிர்த்து நில் அல்லது ஓடு, எதைச் செய்தாலும் உடம்பு முன்கூட்டியே தயாராகிவிடும். ஓடும் நேரத்தில் ஜீரணம் எதற்கு? அதனால் வயிற்றுக்கு விடுமுறை. (குரைக்கும் நாய்க்கு முன்னால் பூனையைப் பிடித்து வைப்பதை இன்று அவ்வளவு எளிதாக அனுமதிக்க மாட்டார்கள். எனக்கும் அந்தப் பூனைகளை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.)

கேனன் பார்த்ததை இன்றைய கால்நடை மருத்துவர்களும் பார்க்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்து மிரண்டுபோன பூனையின் ரத்தத்தில் சர்க்கரை எகிறி நிற்கும். நீரிழிவா, வெறும் பயமா என்று அவர்கள் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சரி, ரத்தத்தைச் சோதிக்காமல் பயத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும். முதலில் காதைப் பாருங்கள். நிமிர்ந்து முன்னால் பார்த்த காது பக்கவாட்டில் திரும்பும், பயம் கூடக்கூடத் தலையோடு படிந்துவிடும். அடுத்தது கண். பகல் வெளிச்சத்தில் செங்குத்துக் கோடாக இருக்க வேண்டிய கண்பாவை, வெளிச்சம் மாறாமலே விரிந்து கறுப்பு வட்டமாகிவிடும். மீசை பின்னால் போகும். வால் உடம்போடு சுற்றிக்கொள்ளும். பாதங்களை உள்ளே மடக்கிப் பம்மி உட்காரும். இன்னொன்று உண்டு, கவனித்தவர்கள் குறைவு. பூனைக்குப் பாதத்தின் அடியில் வியர்க்கும். மிரண்ட பூனையை டாக்டர் ஸ்டீல் மேஜை மேல் விட்டால், அது நகர்ந்த இடத்தில் குட்டிக் குட்டி ஈரத் தடங்கள் தெரியும்.

முதுகை வளைத்து, மயிர் சிலிர்த்து, வாலைப் பாட்டில் பிரஷ் கணக்கில் உப்ப வைத்து நிற்கும் பூனையைப் பார்த்திருப்பீர்கள். கோபம் என்று நினைப்போம். 1872இல் உணர்ச்சிகளைப் பற்றிப் புத்தகம் எழுதிய சார்லஸ் டார்வின் அந்தக் கோலத்தைப் படம் போட்டே காட்டினார், நாயைப் பார்த்து மிரண்ட பூனை என்று. தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொண்டால் எதிரி யோசிப்பான் அல்லவா? ஒவ்வொரு மயிரின் வேரிலும் உள்ள நுண்ணிய தசை இழுப்பதால்தான் மயிர் நிற்கிறது. அதே தசை நம்மிடமும் இருக்கிறது. நமக்கு மயிர்க்கூச்செறிவது அதனால்தான், உப்பிக் காட்ட அடர்ந்த ரோமம்தான் இல்லை.

இப்போது கட்டிலடிக்கு வருவோம். நாய் பயந்தால் பெரும்பாலும் உங்கள் காலடிக்கு ஓடிவரும். பூனை உங்களிடமிருந்தும் ஒளிந்துகொள்ளும். இதற்கு அதன் பாட்டன் பூட்டனைக் கேட்க வேண்டும். வீட்டுப் பூனை வந்தது வடக்கு ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியாப் பக்கத்துக் காட்டுப்பூனையிலிருந்து. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மனிதருக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையையும் புதைத்திருந்தார்கள், அவ்வளவு பழைய சிநேகம். ஆனாலும் அந்தக் காட்டுப்பூனை கூட்டமாக வாழும் பிராணி இல்லை. தனியாக வேட்டையாடும். எலிக்கு அது எமன், நரிக்கும் பெரிய பருந்துக்கும் அதுவே இரை. ஆபத்து வந்தால் துணைக்குக் கூப்பிட ஆள் கிடையாது. உயரத்தில் ஏறு, இல்லையென்றால் பொந்தில் புகுந்துகொள். பட்டாணிக்குப் பீரோ உச்சி மரம், கட்டிலடி பொந்து.

அதனால் ஒளிந்திருக்கும் பூனையைக் கையை உள்ளே விட்டு இழுப்பது பெரிய தப்பு. ஓடிப்போன வழியையும் அடைத்துவிட்டால் மிச்சம் இருப்பது சண்டைதான். சீறும், உறுமும், கடைசியில் பிராண்டும். பிராண்டினாலும் கடித்தாலும் அந்த இடத்தைச் சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, வீட்டில் பெரியவர்களிடம் உடனே சொல்லுங்கள். திட்டுவார்களே என்று மறைக்கக் கூடாது. வெறிநோய்த் தடுப்பூசி வேண்டுமா என்று டாக்டர் முடிவு செய்வார்.

'சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது' என்று பாட்டிமார் சொல்வது அறிவியல்படி ரொம்பச் சரி. பயத்தோடு சேர்ந்து பதிந்த நினைவு ஒரே தடவையில் பதியும், சுலபத்தில் அழியாது. பட்டாணிக்கு அடுப்பு பிரச்சினை இல்லை, கூடைதான் பிரச்சினை. வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே ஆட்டோவில் போய் ஒரு ஊசி போட்டுக்கொண்டு வந்ததிலிருந்து, பரணிலிருந்து கூடையை இறக்கும் சத்தம் கேட்டாலே ஆள் மாயம். கூடை வந்தால் ஊசி வரும் என்று அது படித்துவிட்டது.

படித்ததை எப்படி மாற்றுவது? கூடையைப் பரணில் வைக்காதீர்கள். ஹாலிலேயே ஒரு மூலையில், கதவைத் திறந்து, உள்ளே பழைய துண்டு விரித்து வாரக்கணக்கில் கிடக்கட்டும். உள்ளே தினமும் அதற்குப் பிடித்த தீனி கொஞ்சம் வையுங்கள். நெத்திலிக் கருவாடு உசிதம். (எங்கள் தெருவில் பாதி வீடுகளில் பூனைக்குத் தயிர் சாதம்தான். பூனை அசைவப் பிராணி. தயிர் சாதம் மட்டுமே போட்டு வளர்த்தால் உடம்புக்கு ஆகாது.) ஒரு நாள் அதுவே உள்ளே போய்த் தூங்கும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கூடை மேல் ஒரு துணியைப் போர்த்திவிட்டால், போக்குவரத்தும் எதிர்க் கூடை நாயும் கண்ணில் படாது.

எல்லாப் பூனையும் ஒரே அளவு பயப்படுவதில்லை. பிறந்து இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை ஒரு குட்டி யாரைப் பார்க்கிறது, யார் கையில் தவழ்கிறது என்பது முக்கியம். அந்த வயதில் நாலைந்து பேர் மெதுவாகத் தூக்கிக் கொஞ்சிய குட்டி, வளர்ந்த பிறகு மனிதர்களிடம் தைரியமாக வரும். சன்ஷேடிலோ மோட்டார் ரூம் பின்னாலோ ஆள் முகமே பார்க்காமல் இரண்டு மாதம் வளர்ந்த குட்டிக்கு நாம் எப்போதும் கொஞ்சம் அந்நியர்கள்தான். பட்டாணி அப்படி மொட்டை மாடியில் வளர்ந்த குட்டி. அதைத் திட்டி என்ன பயன்?

பயந்த பூனைக்கு நாம் கொடுக்கக்கூடிய மிக மலிவான பொருள் ஒரு அட்டைப் பெட்டி. நெதர்லாந்தில், காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். 2014இல் அந்த ஆய்வு வெளியானது. பெட்டி கிடைத்த பூனைகள் சீக்கிரம் பதற்றம் தணிந்தன. ஆக, கொரியர்காரரைப் பார்த்து ஓடும் பூனைக்கு மருந்தும் அவர் கொண்டுவரும் பெட்டியில்தான் இருக்கிறது! இன்னொரு வைத்தியம் காசே ஆகாதது. பூனையை முறைத்துப் பார்க்காமல், கண்ணைப் பாதி மூடி மெதுவாக இமைத்துக் காட்டுங்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி இமைத்தவர்களுக்குப் பூனைகளும் கண்ணைச் சுருக்கிப் பதில் சொல்லின. தெரியாத ஆளாக இருந்தாலும், இமைத்தவர் கையை நோக்கி வந்தன.

சாப்பிடும் பூனைக்குப் பின்னால் வெள்ளரிக்காயை வைத்து, அது துள்ளிக் குதிப்பதை வீடியோ எடுத்துச் சிரிப்பார்களே, பார்த்திருக்கிறீர்களா? இவ்வளவும் படித்த பிறகு அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

தீபாவளிதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். தமிழ்நாட்டில் 2018இலிருந்து காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று பட்டாசு வெடிக்க நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த நேரத்தை எல்லோரும் மதிக்கிறார்களா என்பது உங்களுக்கே தெரியும். ஒரு வெடி, நாலு மீட்டர் தள்ளி 125 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். அந்த அளவே நம் காதுக்கு வலி. வெடி திடீரென்று வரும், எந்தப் பக்கம் என்று தெரியாது, வெளிச்சமும் புகையும் சேர்ந்து வரும். பட்டாணியால் இதற்குப் பழகவே முடியாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பதால், அன்றிரவு டம்ளர் விழுந்தாலும் எகிறும். முதல் நாளே உள் அறை ஒன்றில் பெட்டி, தண்ணீர், மண் தட்டு எல்லாம் வைத்துவிடுங்கள். ஜன்னலைச் சாத்துங்கள், மின்விசிறி ஓடட்டும். வாசல் கதவைத் திறந்து போடாதீர்கள், மிரண்டு ஓடும் பூனைக்குத் திரும்பி வர வழி தெரியாது. அன்று சரியாகச் சாப்பிடாவிட்டால் கேனனை நினைத்துக்கொள்ளுங்கள். மறுநாளும் சாப்பிடாவிட்டாலோ, சிறுநீர் போக முக்கினாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். பயமும் பதற்றமும் பூனையின் சிறுநீர்ப்பையையும் பாதிக்கும்.

வீட்டில் பூனை இருப்பவர்கள் இந்த வாரம் ஒரு வேலை செய்யலாம். ஒரு நோட்டை எடுத்து நான்கு கோடு போடுங்கள்: என்ன சத்தம், காது எந்தப் பக்கம் போனது, எங்கே ஓடியது, எத்தனை நிமிடத்தில் திரும்பி வந்தது. மிக்ஸி, குக்கர் விசில், தண்ணீர் லாரி, பக்கத்து வீட்டுத் துளைக்கும் மெஷின், ஒன்றையும் விடாதீர்கள். நீங்களாக எந்தச் சத்தமும் எழுப்பக் கூடாது, வருவதை மட்டும் எழுத வேண்டும். மாடி வீட்டுப் பாப்பா ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டாள். அவள் நோட்டில் இதுவரை முதலிடம் கொரியர்காரருக்கு இல்லை, அவளுடைய தம்பிக்கு.